தேயாத சிவப்பு

பிள்ளைகள் வரைவதைப் பார்த்தே அவர்களுடைய வலியைக் கணக்கிட்டுவிடும், வார்டிலிருந்த கேமரா. இந்த மாதம் யாருக்கும் வலியில்லை என்றது. டாக்டர்களுக்குச் சந்தோஷம். ஓவிய டீச்சர் எழிலரசிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. டப்பாவில் எல்லா க்ரேயானும் கட்டையாகத் தேய்ந்திருக்க, சிவப்பு மட்டும் வாங்கியபடியே இருந்தது.

“ஏன் கண்ணு, சிவப்பைத் தொடறதே இல்ல?”

மூன்று வருஷமாகச் சிறுநீரக நோயோடு மல்லுக்கட்டும் ஒன்பது வயது மெர்லின், டீச்சர் காதோரம் சொன்னாள்: “சிவப்பு அடிச்சா வலின்னு கேமரா காட்டிக் கொடுத்துடும் மிஸ். சனிக்கிழமை வீட்டுக்கு விடமாட்டாங்க.”

எழிலரசி தன் துப்பட்டாவைக் கேமராமேல் போட்டாள். “இப்ப வரைஞ்சுக்கோ.”

மெர்லின் சிவப்பை எடுத்தாள். தாள் கிழிந்த பிறகுதான் நிறுத்தினாள். அதை நாலாக மடித்து டீச்சர் கையில் திணித்தாள்.

“திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுங்க மிஸ்.”