வாபஸ் வாங்காதவள்

“கன்னத்துல விழுந்தது ஒரே ஒரு அறை. அதுக்காக ஒரு மனுஷனை இன்னும் எத்தனை நாள் அலைய விடப்போறே?”

தலைமை நர்ஸ் கேட்டார். மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. சமாதானமாகப் போகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் அவர்களே எழுதிவிட்டார்கள். அடி வாங்கிய நர்ஸின் கையெழுத்துதான் பாக்கி.

“முடியாதுக்கா,” என்றாள் நர்ஸ்.

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“அடிச்சது தப்புதானே?”

“தப்புதான். யாரு இல்லேன்னா? ஆனா அப்பா முதுகுல புண்ணைப் பார்த்தா எந்தப் பிள்ளைக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். ஏதோ ஒரு வேகத்துல கையை நீட்டிட்டான். ஜெயிலுக்கும் போயிட்டு வந்துட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு?”

நர்ஸ் அந்தத் தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

அறை விழுந்த அன்று நிலைமையே வேறு. மொத்த ஆஸ்பத்திரியும் வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரி ஊழியர்மேல் கை வைத்தால் என்னென்ன தண்டனை என்று, புதிதாக வந்த சட்டத்தைப் பெரிய டாக்டரே மைக்கில் படித்துக் காட்டினார். “நாங்க இருக்கோம், பயப்படாதே” என்று சொல்லாத ஆளில்லை. அவளை நடுவில் நிறுத்திப் படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததோடு அந்தக் கோபமும் கலைந்துவிட்டது.

வழக்கு முடியும்வரை, தினமும் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் போலீஸ் அறைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிபந்தனையில்தான் அவனுக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அவன் கைகட்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. இளகாதது அவள் ஒருத்திக்குத்தான்.

“சட்டம் பக்கத்துல இருக்குன்னு ஆடறா,” என்றார்கள். அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். கேன்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். சாப்பிடும்போது சுவரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அடி வாங்கிய அன்றுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

அப்போது கதவோரம் வந்து நின்றான், அவளை அடித்த அந்த மகன்.

“சிஸ்டர், நான் செஞ்சது தப்புதான். கால்ல வேணும்னாலும் விழறேன். தினமும் லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுக்குவேன்னு முதலாளி சொல்லிட்டார். என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க.”

“உங்க முதலாளிகிட்ட வேணும்னா நான் பேசறேன்,” என்றாள் நர்ஸ். “வாபஸ் மட்டும் கேக்காதீங்க.”

“கிண்டல் பண்றியா?” தலைமை நர்ஸ் எழுந்தே விட்டார். “வா என்கூட. நாங்க சொன்னாத்தான் மண்டையில ஏறல, இவரு அப்பா வாயாலேயே கேளு.”

கையைப் பிடித்து வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மகனும் பின்னாலேயே வந்தான்.

கடைசிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் அவன் அப்பா. எலும்பும் தோலுமாக ஓர் உடம்பு. எழுந்து உட்காரக்கூட இன்னொருவர் தயவு வேண்டும்.

“நீங்களே சொல்லுங்க ஐயா. பெத்தவர் கேட்டா மறுக்க மாட்டா.”

பெரியவர் மகனைப் பார்த்தார். அப்புறம் நர்ஸைப் பார்த்தார். இரண்டு கைகளையும் கஷ்டப்பட்டுச் சேர்த்துக் கும்பிட்டார்.

“என் பிள்ளையை மன்னிச்சு விட்டுடும்மா. சின்ன வயசுலேருந்தே அவனுக்கு முன்கோபம். மத்தபடி நல்லவன்மா. கேஸெல்லாம் வேண்டாம்மா.”

அவர் கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னால முடியாதுப்பா.”

வார்டே அவளை ஒரு மாதிரி பார்த்தது.

“உன்னையெல்லாம் யாரு நர்ஸுக்குப் படிக்கச் சொன்னது?” தலைமை நர்ஸ் விருட்டென்று திரும்பி நடந்தார். மகன் பல்லைக் கடித்தான். “நாளைக்குக் காலையில வரேன்ப்பா,” என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமலே போனான்.

அவள் மருந்துத் தட்டை எடுத்து வந்து திரையை இழுத்து மூடினாள். பெரியவரை மெதுவாகப் புரட்டி, முதுகுப் புண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“என்னால உனக்குக் கெட்ட பேரு,” என்றார் அவர், தணிந்த குரலில். “கோவமாம்மா?”

“இல்லப்பா. கொஞ்சம் எரியும், பொறுத்துக்குங்க.”

“இங்க சேர்த்துட்டுப் போனவன் எட்டிக்கூடப் பார்க்கல. அன்னிக்குத்தான் முதல் தடவையா வந்தான், வந்த வேகத்துல உன்னை அடிச்சான். இப்ப கையெழுத்துப் போட வர்ற சாக்குல தினமும் என் பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போறான். இன்னிக்கு எனக்குத் தலை வாரிவிட்டான்மா.”

அவள் பஞ்சை மாற்றினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது.

“நாளைக்கும் உன்னை இழுத்துட்டு வருவாங்க,” என்றார் பெரியவர். “நானும் இதே மாதிரி கும்பிட்டு, விட்டுடும்மான்னு அழுவேன். நீ மட்டும் முடியாதுன்னே சொல்லிடும்மா.”