சிவப்புப் படகு

"படகு எங்க?" என்று கேட்டான் மிரோஜன்.

மேனுகாவுக்குச் சுருக்கென்றது. கணினித் திரை முழுக்கக் கரும்பச்சைக் கடல். அதன் நட்டநடுவில் சிவப்புப் படகு.

"விளையாடாதேங்கோ அண்ணை. இவ்வளவு பெரிசாக் கீறி வைச்சிருக்கிறன்."

"பனை தெரியுது. வெளிச்ச வீடு தெரியுது. மேல எழுத்துத் தெரியுது. படகு தெரியேல்லை."

மேனுகாவும் கணவன் சசிகரனும் கரம்பொன்னில், வீட்டு அறை ஒன்றுக்குள் இருந்தே செய்த வீடியோ கேம் அது. பெயர் 'கரை தொடு'. பனிப்புகாருக்குள் படகோட்டி, தீவு தீவாக ஆட்களை இறக்கிவிட வேண்டும். நிரல் எழுதியது அவன், படம் கீறியது அவள். இணையக் கடையிலும் போட்டாயிற்று. அங்கே ஆட்களின் கண்ணில் முதலில் படுவது கேமின் கவர் படம்தான். அந்தக் கவரை ஒருவரும் அழுத்திப் பார்க்கிறார்கள் இல்லை.

ஏன் என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினார்கள். எல்லோருமே "நல்லாயிருக்கு" என்றார்கள். தோட்டத்துக் கத்தரிக்காய் கொடுக்க வந்த அண்ணன் மட்டும்தான் இப்படிச் சொல்கிறான்.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"பாத்திட்டுத்தான் சொல்லுறன். படகை வேற நிறத்தில கீறு."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் சசிகரன் கதிரையைத் திருப்பினான்.

"உம்மட அண்ணையிட்டப் போய்க் கேட்டீரே! கப்பலில கிடைச்ச வேலையைப் பஞ்சியில வேண்டாம் எண்டு, கொழும்போட திரும்பி வந்த மனிசன். ஒரு படத்தைப் பாக்கவும் பஞ்சிப்படுறார்."

ஊர் முழுக்க மிரோஜனைச் சோம்பேறி என்றுதான் சொல்லும். மேனுகாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்த வேலைக்காக அம்மா எத்தனையோ கோயிலுக்கு நேர்த்தி வைத்தவள். போனவன் சில நாளில் பையோடு வாசலில் வந்து நின்று, "எனக்கு அது சரிவராது" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சாகும்வரை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை.

அவளுக்குத் தன் கையில் நம்பிக்கை இருந்தது. அண்ணன் சொன்னது பிழை என்று காட்டத்தான் கவரைச் சுருக்கினாள். கடையில் தெரிகிற மாதிரி, நெருப்புப்பெட்டி அளவுக்கு. படகு தெரிந்தது.

பிறகு நிறங்களை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினாள். வெளிச்சமும் இருட்டும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் படம் கீறுகிறவர்கள் செய்கிற வேலை. இந்தக் கவருக்கு அவள் அதைச் செய்யாமல் விட்டிருந்தாள்.

படகைக் காணவில்லை.

சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி, படகு கடலோடு கடலாகக் கரைந்து போயிருந்தது.

"இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள்.

சசிகரன் வந்து பார்த்தான்.

அன்றைக்கே தொடங்கினாள். பனைகளை எடுத்தாள். வெளிச்ச வீட்டையும் எடுத்தாள். அதைக் கீற எவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை. கடலை இருட்டாக்கி, படகை மஞ்சளாக்கி, முன்னுக்கு இழுத்து வைத்தாள். பெயரைத் தூரத்தில் இருந்தே வாசிக்கிற மாதிரி எழுதினாள்.

புதுக் கவரைக் கடையில் போட்ட பிறகு ஆட்கள் அழுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு வாங்கவும் தொடங்கினார்கள். நோர்வேயில் இருந்து ஒருவர், "படகைக் கண்டுதான் உள்ளே வந்தேன்" என்று எழுதியிருந்தார்.

அதைக் காட்டுவதற்காக மேனுகா தோட்டத்துக்கே போனாள். மிரோஜன் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

கைபேசியை நீட்டினாள். "இப்ப தெரியுதோ?"

"ஓம். மஞ்சள் படகு. வடிவாயிருக்கு."

"கறுப்பு வெள்ளையாக்கினாப் பிறகுதான் எனக்கே பிழை தெரிஞ்சது. உங்களுக்கு எப்பிடிப் பாத்த உடன தெரிஞ்சது?"

அவன் குனிந்து குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினான்.

"அண்ணை, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டாத் தெரியுதோ?"

"ஓம். பிறந்ததில இருந்து அப்பிடித்தானாம். கொழும்பில கண் சோதிக்கேக்கைதான் எனக்கே தெரிய வந்தது. புள்ளி புள்ளியாப் படம் காட்டி, உள்ளுக்கு என்ன இலக்கம் எண்டு கேட்டவை. எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சது. கப்பலில சிவப்பு லைற்றையும் பச்சை லைற்றையும் பிரிச்சுப் பாக்க வேணும், உமக்கு ஏலாது எண்டு அனுப்பிவிட்டினம்."

"அப்ப நீங்களா விட்டிட்டு வரேல்லை. ஊர் முழுக்கச் சோம்பேறி எண்டு சொல்லேக்கை ஏன் பேசாம இருந்தனீங்கள்? அப்பாவிட்டையாவது சொல்லியிருக்கலாமே?"

"அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆரும் கேட்டா உள்ளதைச் சொல்லிப்போடுவார்."

"சொன்னா என்ன? அதில என்ன வெக்கம்?"

"வெக்கம் ஒண்டும் இல்லை" என்றான் மிரோஜன். "அது பரம்பரையில வாற குறை எண்டு டொக்டர் சொன்னவர். அந்தக் கிழமைதான் சசிகரன் வீட்டார் உன்னைப் பொம்பிளை பாக்க வர இருந்தவை."