எட்டாவது நாற்காலி

ஆவிகளின் மாதத்தில் கீலுங் துறைமுகக் கோயில் வாசலில் படம் போடுவார்கள். முன்வரிசையின் எட்டு நாற்காலிகளும் இறந்தவர்களுக்கு. மெய்லியென் அவற்றைத் துடைத்துவிட்டுப் பின்னால் தனியாக உட்கார்ந்தாள்.

"வருஷா வருஷம் இதே காதல் படமாக்கா? படத்துல அந்தப் பையன் கதாநாயகியைவிட எவ்வளவு சின்னவன்?" என்றான் படம் ஓட்டும் ஆஜின்.

"பதினெட்டு வயசு சின்னவன். என் ஆளும் அப்போ அப்படித்தான். இப்போ நாற்பது வயசு சின்னவன்."

"அதெப்படிக்கா?"

"கடலோட போனவனுக்கு வயசு ஏறாதுடா."

அன்று அந்தக் காதலன் தன்னோடு படகேறக் கூப்பிட்டபோது, ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். படத்தின் கடைசியிலும் இளைஞன் தனியாகத்தான் படகேறுவான்.

இம்முறை திரையில் படகேறியவன் கரையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான். படகு ஆளில்லாமல் கிளம்பியது.

விளக்குப் போட்டபோது முன்வரிசையில் ஏழு நாற்காலிகள் இருந்தன. எட்டாவது மெய்லியென் பக்கத்தில் இருந்தது. அவள் அந்தப் பக்கமாக விசிறிக்கொண்டிருந்தாள்.