திரையில் ஓடிய எஞ்சின்

அட்டைப்பெட்டிக்குள் ஒரு பொம்மை ரயில் எஞ்சின் கிடந்தது. ஓடுவதற்கென்றே பிறந்தும் ஓரடிகூட ஓடியதில்லை, பாவம். தண்டவாளத்தை எப்படிப் போடலாம் என்று வரைந்து பார்க்க, அதன் சொந்தக்காரர் ஞானசேகர் கம்ப்யூட்டரில் மென்பொருள் மாற்றி மென்பொருள் இறக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றில் வளைவு சரியில்லையாம், இன்னொன்றில் சுரங்கமே இல்லையாம்.

"இந்தத் தடவை அமைஞ்சிடும்ணே," என்றது பக்கத்தில் கிடந்த வளைவுத் தண்டவாளம்.

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

திடீரென்று ஞானசேகர் கைதட்டிக் குதித்தார். பெட்டி மூடியின் இடுக்கு வழியே எஞ்சின் ஆசையாய் எட்டிப் பார்த்தது. திரையில் அதே பச்சை நிறத்தில், அதே நம்பரோடு ஓர் எஞ்சின் மலையைச் சுற்றிப் புகைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அது நீங்கதானே?" என்றது தண்டவாளம்.

எஞ்சின் பதில் சொல்வதற்குள், மேஜையில் இடத்தை அடைக்கிறதென்று ஞானசேகர் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார்.