குசினிக்குள் பியர்ப் பானை

புருஷன் அல்பிரட் குசினியில் பியர் காய்ச்சத் தொடங்கியதிலிருந்து பேர்ளிக்குச் சோறே இறங்கவில்லை. அந்த நாற்றம் குழந்தையின் உடுப்பிலும் ஏறியிருந்தது. கடைசியில், செபக்கூட்டம் நடத்தும் தன் அண்ணன் மடுத்தீனை புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்து லா சப்பலில் இருந்த தங்கள் வீட்டுக்கு வரவழைத்தாள்.

"அண்ணை, இந்த அசிங்கத்தை நீங்களே பாருங்கோ."

மடுத்தீன் பானையைத் திறந்து முகர்ந்தார், முகம் சுளித்தார். உள்ளே பூட்டியிருந்த ஹீற்றர் கொயிலை, அந்தச் சூடாக்கும் கம்பிச்சுருளை, விரலால் சுரண்டினார். கரி ஒட்டியது.

"சீ, மனிசன் செய்யிற வேலையே இது?"

அல்பிரட் தலைகுனிந்தான். பேர்ளிக்கு நெஞ்சு குளிர்ந்தது. மடுத்தீன் தொடர்ந்தார்.

"இப்பிடிக் கட்டையான கொயில் ஒரே இடத்திலை சூடேறி அடிப்பிடிக்கும் எண்டு தெரியாதே? அதுதான் இந்த நாத்தம். நீட்டுக் கொயிலாப் பூட்டு. என்ரை வீட்டிலை நான் பியர் காய்ச்சிறது அதிலைதான்."