ஹூபர்ட் போட்ட சுற்றுவழி

"பன்னிரண்டு யூரோ சுங்கத்துக்குப் பயந்து மூணு மணி நேரம் மலையைச் சுத்தணுமா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா, ஹூபர்ட்?"

பிரிகிடா போட்ட சத்தத்தில் காபிக் கோப்பைகள் அதிர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. மேஜையில் உருளைக்கிழங்கு உருண்டைகள் இருந்த இடத்தில் இப்போது ஐரோப்பா வரைபடம் விரிந்து கிடந்தது. பிப்ரவரியில் இரண்டு தம்பதிகளும் ஒரே காரில், நிலக்கரிச் சுரங்க ஊரான ரிப்னிக்கிலிருந்து இத்தாலிக்குப் போகிறார்கள். ஒரு வாரம் பனிச்சறுக்கு. கைக்கு அடக்கமான செலவு. திட்டம் போடுவது ஹூபர்ட்.

"சுங்கம் கட்டுறது என் கொள்கையில இல்ல," என்றான் அவன், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

"கொள்கையாம்!" என்றாள் அவன் மனைவி சபீனா. "போன வாரம் ஒரே டீப் பையை ரெண்டு தடவை காயப்போட்டிருக்கான் இந்த மனுஷன். என் கண்ணால பார்த்தேன்."

மற்ற சிக்கனத்துக்கெல்லாம் பிரிகிடா தலையாட்டியிருந்தாள். ஏழு நாளைக்கான முட்டைக்கோஸ் கறியை ஜாடியில் அடைத்துக் கொண்டுபோகலாம். சறுக்குக் கட்டைகளை மைத்துனனிடம் இரவல் வாங்கலாம். ஆனால் வாடகை வீட்டுக்காரி சனிக்கிழமை ஆறு மணி வரைதான் காத்திருப்பாள். அதைத் தவறவிட்டால் சாவி மறுநாள்தான்.

ஒரு நாள் என்பது பிரிகிடாவுக்குச் சாதாரணமில்லை. சுரங்க விபத்துக்குப் பிறகு, இந்த ஆறு வருடத்தில், அவள் கணவன் எர்வின் எந்த ஊருக்கும் கிளம்பியதில்லை. இந்த ஒரு பயணத்துக்குத்தான் சரி என்றிருக்கிறான்.

காரில் கிடந்த ஆஸ்திரியா வரைபடத்தை எடுக்கப் போன எர்வின் மூச்சு வாங்க உள்ளே வந்தான். லிஃப்ட் இருக்கும்போதே ஏழு மாடியும் படியேறுவான். தொப்பை குறையணுமாம்.

"நீயாவது உன் நண்பனுக்குச் சொல்லேன்," என்றாள் பிரிகிடா.

"அவன் போட்டா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எர்வின் உட்கார்ந்தான்.

பிரிகிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹூபர்ட்டின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நிலக்கரிக்குள்ள மாட்டிக்கிட்டு அம்மா அம்மான்னு அழுத. இன்னிக்குப் பன்னிரண்டு யூரோவுக்கு அழறியா?"

சபீனா சிரித்துவிட்டாள். அது பழைய கதை. சுரங்கத்தின் கூரை சரிந்து எர்வினும் ஹூபர்ட்டும் பதினோரு மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். எர்வின் குறட்டை விட்டுத் தூங்கினானாம், ஹூபர்ட்தான் அழுதானாம். வெளியே வந்ததும் ஹூபர்ட்டே சொன்னது. பிரிகிடா அதை எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லாமல் விட்டதில்லை.

ஹூபர்ட் வழக்கம்போல் கூடவே சிரித்தான். எர்வின் ஆஸ்திரியா வரைபடத்தை மேஜையில் விரித்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தான்.

ஹூபர்ட் அதில் ஏற்கெனவே இழுத்து வைத்திருந்த பென்சில் கோட்டின் மேல் பிரிகிடா விரலை ஓட்டினாள். "இங்க ஏன் நேரா போகாம திரும்புற?"

"சுங்கம்."

"இங்க?"

"சுங்கம்."

"இங்க?"

"அதுவும் சுங்கம்தான்."

அவள் கைபேசியில் தட்டிப் பார்த்தாள். பார்த்தவள் திகைத்துப் போனாள். "பொய்! இந்த ரோட்டுல சுங்கமே கிடையாது."

ஹூபர்ட்டின் பென்சில் கீழே விழுந்தது. "அது... பெட்ரோல் மிச்சமாகும்ல?"

"சுத்திப் போனா பெட்ரோல் மிச்சமாகுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சபீனா குனிந்து, கோடு வளைந்து போகும் இடத்தில் இருந்த சின்ன ஊரின் பெயரைப் படித்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்திரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனியே. இந்தப் பக்கம்தானே?"

"சபீனா, கண்டதையும் பேசாத."

"அந்த ஊர்ல யாரு இருக்கா, ஹூபர்ட்?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொய்? யாரு அவ?"

ஹூபர்ட்டின் காது மடல்கள் சிவந்துவிட்டன. "நீ என்ன வேணா நினைச்சுக்கோ. வழி இதுதான்."

சபீனா எழுந்து தன் குளிர்க்கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தானைத் தப்பான துளையில் மாட்டி, பிடுங்கி, மறுபடி மாட்டினாள். "நீயும் ஆச்சு, உன் இத்தாலியும் ஆச்சு."

பிரிகிடா ஹூபர்ட்டையே பார்த்தாள். இருபது வருடமாக இந்த மேஜையில் சாப்பிடுகிற மனுஷன். இப்படியும் ஒரு முகமா?

"உக்காரு, சபீனா," என்றான் எர்வின்.

அவன் வரைபடத்தை மனைவியின் பக்கம் திருப்பினான். "அவன் கோடு எங்கெல்லாம் விலகுதோ அங்கெல்லாம் என்ன அச்சடிச்சிருக்குன்னு பாரு."

பிரிகிடா பார்த்தாள். முதல் இடத்தில் நேர்ச்சாலை, புள்ளிக்கோடாக மாறி மலைக்குள் போனது. இரண்டாவது இடத்திலும். மூன்றாவதிலும்.

"டனல்," என்றாள். "எல்லாமே டனல். ஒண்ணு விடாம ஒதுங்கிப் போறான்."

"விடுடா, எர்வின்!" ஹூபர்ட் அவசரமாகக் குறுக்கே பாய்ந்தான். "ஆமா, எனக்குத்தான் பயம். அன்னையிலேருந்து டனல்னாலே எனக்குக் கை கால் உதறுது. போதுமா? நல்லா சிரிச்சுக்கோங்க."

கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடியே சபீனா நின்றுவிட்டாள். பிரிகிடாவின் நாக்கு நுனியில் கேலி ஒன்று தயாராக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

லிஃப்டை விட்டுப் படியேறி வந்த மூச்சு எர்வினுக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"அன்னிக்கு உள்ள அம்மா அம்மான்னு அழுதது அவன் இல்ல, பிரிகிடா. நான்."