ஆடும் சனிக்கிரகம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மாடி அறையின் பலகைத் தரையில் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடையாய் நடந்தார், பாவம். ஜன்னலோரம் அவருடைய டெலஸ்கோப் நின்றது. ஒரு வருஷமாக அதில் எடுத்த படத்திலெல்லாம் சனிக்கிரகம் ஆடிப்போய், நசுங்கின முட்டை மாதிரிதான் விழுந்தது.

"மட்டமான மவுண்ட்! டெலஸ்கோப்பை அசையாம தாங்கத் துப்பில்லை. பைக்கை வித்தாவது உசத்தி மவுண்ட் ஒண்ணு வாங்கிடறேன்."

"அப்புறம் வேலைக்கு எதுல போவீங்க? சனி மேல ஏறியா?" என்றாள் மனைவி. மேஜை மேல் டம்ளரில் தண்ணீர் தளும்பியது.

"கிண்டல் பண்ணாதே. பைக்கைப் பார்க்க ஆள் வந்துட்டே இருக்கான்."

அவள் கேமராவை நீட்டினாள். அதில் சனி, வளையத்தோடு அச்சடித்த மாதிரி நின்றது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் எடுத்தது? எந்த மவுண்ட்ல?"

"நான்தான், நேத்து ராத்திரி. இதே மட்டமான மவுண்ட்லதான்."

"எனக்கு மட்டும் ஏன் ஆடுது?"

"நேத்து உங்களுக்கு நைட் டியூட்டி. படம் விழற வரைக்கும் இந்தப் பலகை அதிர நடக்க, வீட்டுல ஆளில்லையே!"

அவர் சட்டென்று நின்றார். டம்ளரில் தண்ணீரும் நின்றது.